எங்கள் இரண்டாம் வாய்பாடு

தமிழ்த்துறை மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு எம் பேராசிரியர் கேட்டபொழுது, எங்களுள் ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டிக்காட்டினோம். சங்க இலக்கியம் பற்றியும் சீறாப்புராணம் பற்றியும் எழுதத் தகுதியுடையோர் இம்மலரில் பலர் உளர். நாங்கள் அடிபட்டு அறிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது கணக்கு, கணக்கிலும் காரணிகள் என்னும் சிறு பகுதி. தமிழ்த்துறை மலரில் காரணிகளுக்கு என்ன வேலை என்று மூத்தோர் வினவக்கூடும். வேலைக்காகத்தான் அதனைப் படித்தோம்.

நாங்கள் ஐவர், 2021ஆம் ஆண்டில் இக்கல்லூரியில் இளங்கலைத் தமிழ் முடித்தோம். ஆண்கள் மூவர், பெண்கள் இருவர். இதனை எழுதுவோர் நால்வர். ஐந்தாமவரான தோழியைப் பற்றியே இதில் மிகுதியும் வருதலால், அவரிடம் படித்துக் காட்டி, அவர் வேண்டாமென்ற இரண்டு இடங்களை நீக்கிய பின்னரே மலர்க்குழுவினரிடம் அளித்துள்ளோம்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி நான்கு தேர்வு 2022 ஜூலை 24 அன்று நடைபெறும் என்ற அறிவிப்பு வந்தபொழுது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. வினாக்கள் 200. அவற்றுள் 100 தமிழ். பொது அறிவு 75. எஞ்சிய 25 திறனறி வினாக்கள், அதாவது கணக்கு. நூறு தமிழ் வினாக்கள் எங்களுக்கென்றே வைக்கப்பட்டவை என்று எண்ணினோம். கணக்கு வினாக்கள் இருபத்தைந்தையும் படித்துப் பாராமலே ஏதோவொரு விடையை நிழலிட்டுவிடுவது என்றும் முடிவு செய்தோம். இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்த தேர்வில் இருபத்தைந்து வினாக்களைக் கைகழுவுவது, விதைநெல்லை விற்றுவிட்டு உழப்போவதற்கு ஒப்பாகும். அன்று அது எங்களுக்கு உறைக்கவில்லை.

உறைக்காமைக்குக் காரணம் உண்டு. தமிழ் படிக்கச் சேர்ந்த நாள்முதல், திருமண வீடுகளில் பந்தியில் அமர்ந்தாலும் ஊரில் எவரையேனும் சந்தித்தாலும், எங்களை நோக்கி வரும் கேள்வி ஒன்றே. “கணக்கு வரலையா, அதான் தமிழா?” கேட்பவர் பகையாகக் கேட்பதில்லை. ஆயினும் மூன்றாண்டுகள் இதனைக் கேட்ட பின், கணக்கு வராது என்பது எங்கள் பெயரோடு சேர்ந்த பட்டம் போலாகிவிட்டது. நாங்களும் அதனை ஏற்றுக்கொண்டோம். ஏற்றுக்கொள்வதில் ஒரு சுகமும் இருந்தது என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்கின்றோம்.

அந்த முடிவை மாற்றியவர் எங்கள் தோழி. அவருடைய அத்தா மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அம்மாவின் தையல் இயந்திரத்தை நம்பியே வீடு நடந்தது. தம்பி பள்ளியிறுதி வகுப்பில் இருந்தான். எங்களுக்கு இது ஒரு தேர்வு. அவருக்கு வீட்டு வாடகை. “இருபத்தஞ்சு வினாவை விட்டுட்டு நான் வீட்டுக்குப் போய் என்ன சொல்றது?” என்று ஒருநாள் அவர் கேட்டதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. நாங்கள் சென்று வேண்டியதன்பேரில் கணிதத்துறைப் பேராசிரியர் ஒருவர், சனிக்கிழமை மாலைகளில் நூலகத்தின் படிப்பறையில் எங்களுக்குப் பாடம் எடுக்க இசைந்தார். ஊதியம் எதுவும் அவர் பெறவில்லை.

முதற்கிழமையிலேயே அவர் வைத்த சிறுதேர்வில் ஒரு வினா: 72 என்ற எண்ணுக்குக் காரணிகள் எத்தனை? விடைகள் 6, 8, 10, 12. பத்தாம் வகுப்பில் படித்த பகாக் காரணிப்படுத்தல் மங்கலாக நினைவிலிருந்தது. 72ஐ இரண்டால் மும்முறை வகுக்கலாம். பின் மூன்றால் இருமுறை வகுக்கலாம். ஆகவே மூன்றை இரண்டால் பெருக்கி ஆறு என்று ஐவரும் எழுதினோம். ஐவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமலே ஒரே தவற்றைச் செய்தது கண்டு பேராசிரியர் நகைத்தார், ஆனால் கடிந்துகொள்ளவில்லை. கரும்பலகையில் காரணிகளை வரிசையாக எழுதச் சொன்னார். 1, 2, 3, 4, 6, 8, 9, 12, 18, 24, 36, 72. பன்னிரண்டு.

நெடுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த தோழி எழுந்து, “சார், எடுக்காமல் விடுவதையும் ஒரு வழியாக எண்ண வேண்டுமா?” என்று வினவினார். பேராசிரியர் கையிலிருந்த சுண்ணக்கட்டியை அவரிடமே கொடுத்துவிட்டார். அன்று அவர் விளக்கிய முறை இதுதான். 72இன் காரணி ஒன்றைக் கட்டவேண்டுமாயின் முதலில் இரண்டைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். ஒன்றும் எடுக்காமல் இருக்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று என எடுக்கலாம். ஆக நான்கு வழிகள். அடுத்து மூன்றைப் பற்றி முடிவு: ஒன்றும் எடுக்காமை, ஒன்று, இரண்டு என மூன்று வழிகள். நான்கு மும்மடங்கு பன்னிரண்டு. இரண்டையும் எடுக்காமல் மூன்றையும் எடுக்காமல் விட்டால் எஞ்சுவது 1. அதுவும் ஒரு காரணியே. நாங்கள் ஆறு என்று பிழைபட்டது, விடுவதை எண்ணாமையால்.

பின் அவர் சொன்னதே எங்களுக்குத் திறவுகோலாயிற்று. “இது யாப்புத்தானே?” என்றார். நேர், நிரை என அசை இரண்டு. ஈரசைச் சீரில் முதலிடத்துக்கு இரண்டு வழி, இரண்டாமிடத்துக்கு இரண்டு வழி. ஆகவே தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு. மூவசைச் சீர் எட்டு. நாலசைச் சீர் பதினாறு. இதனைத் தேர்வுக்காக எத்தனையோ முறை எழுதியுள்ளோம். நான்கு ஏன் எட்டாயிற்று, எட்டு ஏன் பதினாறாயிற்று என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒவ்வோரிடத்திற்கும் உள்ள வழிகளைப் பெருக்குவதே அங்கும் நடந்தது. வெண்பாவைச் சீராகவும் சீரை அசையாகவும் பிரித்து அலகிடும் கை, எழுபத்திரண்டை மூன்று இரண்டுகளாகவும் இரண்டு மூன்றுகளாகவும் பிரிப்பதற்கு ஏன் அஞ்சவேண்டும்? தமிழில் பெருக்கல் அட்டவணைக்கும் வாய்பாடு என்றே பெயர். தேமா புளிமாவுக்கும் வாய்பாடு என்றே பெயர். ஒப்புமை முழுமையானதன்று என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும். அசையை இடம் மாற்றினால் புளிமா கூவிளமாகிவிடும். எண்ணில் இரண்டை மூன்றால் பெருக்கினாலும் மூன்றை இரண்டால் பெருக்கினாலும் ஆறுதான். எனினும் அஞ்சியவனுக்கு முழுமையான ஒப்புமை வேண்டியதில்லை. உள்ளே நுழைய ஒரு வாசல் இருந்தால் போதும்.

அதன்பின் சனிக்கிழமைகள் விரைந்து சென்றன. 72இன் ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனை என்றால் இரண்டை அறவே எடுக்காதிருத்தல் என்ற ஒரே வழி, மூன்றுக்கு மூன்று வழி; ஆக மூன்று. எஞ்சிய ஒன்பதும் இரட்டைப்படை. நூறுக்குள் மூன்றே காரணிகளையுடைய எண்கள் எவை என்றால் பகா எண்களின் வர்க்கங்கள்: 4, 9, 25, 49. மூன்று மணிகள் 12, 15, 18 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலிக்குமாயின் மீண்டும் எப்பொழுது ஒருங்கே ஒலிக்கும் என்றால், ஒவ்வொரு பகா எண்ணும் எங்கே மிகுதியாக இருக்கிறதோ அதனை எடுத்துப் பெருக்க 180 நிமிடங்கள். இவ்வாறு நுணுக்கங்களைக் குறித்துக்கொண்டோம். இவை எல்லா வழிகாட்டி நூல்களிலும் உள்ளவையே, விரிக்க வேண்டுவதில்லை.

எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாதது தோழியின் வீட்டுத் திண்ணையில் கிடைத்தது. அவருடைய நன்னா முற்காலத்தில் நெல் மண்டியில் கணக்கெழுதியவர். பேத்தி எதனைப் படிக்கிறாள் என்று அறியும் ஆவலில் ஒருநாள் எங்களை அமரவைத்து, “ஒரு கலத்துக்கு எத்தனை நாழி, சொல்லுங்க தம்பி” என்றார். உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று பாடலில் வரும் பெயர்களுக்குப் பொருளெழுதியிருக்கிறோமேயன்றி, அவற்றை அளவாக எண்ணியதில்லை. எட்டு நாழி ஒரு மரக்கால், அதுவே குறுணி. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆக 96 நாழி. “நூறுன்னு வச்சிருந்தா எண்ண சுலபமா இருந்திருக்குமே, ஏன் தொண்ணூத்தாறு?” என்று அவரே கேட்டார். நாங்கள் விழித்தோம். தோழி ஒரு தாளில் எழுதினார். 96 என்பது ஐந்து இரண்டுகளும் ஒரு மூன்றும். காரணிகள் பன்னிரண்டு. நூறு என்பது இரண்டு இரண்டுகளும் இரண்டு ஐந்துகளும், காரணிகள் ஒன்பதே. அறுவடைக் களத்தில் நெல்லை மூன்று பேர், ஆறு பேர், எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் எனப் பங்கிட்டால் 96 நாழியில் மீதி நில்லாது. நூறு நாழியை மூவருக்குக்கூடச் சரியாகப் பங்கிட இயலாது. நன்னா தலையசைத்தார். “அதான் களத்துல சண்டை வராது” என்பதே அவர் கூறிய விளக்கம்.

அன்று முழுவதும் அவர் எங்களை விடவில்லை. தம் தந்தையார் எண்சுவடியை ஒப்புவித்ததைக் கேட்டு வளர்ந்தவராதலின் கீழ்வாய் இலக்கங்களைச் சொல்லத் தொடங்கினார். கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி 320இல் ஒன்று. இப்பொழுது நாங்களே பிரித்தோம். 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும். மூன்று அதில் இல்லை. ஆகையால் முந்திரியை எத்தனை முறை அடுக்கினாலும் மூன்றில் ஒன்று வாராது. முந்திரியை மேலும் 320 கூறாக்கிய கீழ்முந்திரியிலும் மூன்று நுழைய வழியில்லை; 320ஐ 320ஆல் பெருக்கினால் இரண்டுகளும் ஐந்துகளுமே பெருகும். நெல்லை அளந்த அளவையில் மூன்று இருக்கிறது, பின்னத்தை எழுதிய சுவடியில் மூன்று இல்லை! இலக்கியம் படித்த மூன்றாண்டுகளில் எங்களுக்குத் தோன்றாத வினா அது.

இதனைக் கேள்வியுற்ற அரபுத்துறைப் பேராசிரியர் எங்களை அழைத்து மற்றொன்று காட்டினார். மார்க்கச் சட்டத்தின் வாரிசுப் பங்குகளில் குறிக்கப்பட்ட பின்னங்கள் ஆறு: அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. எட்டுக்கும் மூன்றுக்கும் பொது மடங்கு 24. மனைவி, தாய், ஒரு மகன் ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தால், சொத்தை 24 கூறாக்கி மனைவிக்கு 3, தாய்க்கு 4, மகனுக்கு எஞ்சிய 17 எனப் பிரிப்பர். பங்கீட்டுக்கு அடிப்படையாக அந்நூலோர் வகுத்த எண்கள் ஏழு என்றார்: 2, 3, 4, 6, 8, 12, 24. எழுதிப் பார்த்ததும் எங்களுக்கு மெய்சிலிர்த்தது. ஒன்றை நீக்கினால் 24இன் காரணிகள் அவ்வளவே. அத்தாவின் மறைவுக்குப் பின் தம் வீட்டில் இவ்வாறு பங்கு பிரித்த காகிதம் ஒன்று இருப்பதாகத் தோழி மெல்லச் சொன்னார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனி எழுத விரும்பாததை எழுதவேண்டியுள்ளது.

தேர்வுக்கு ஐந்து கிழமைகளே இருந்த ஒரு சனிக்கிழமை. 1 முதல் 100 வரை, ஒற்றைப்படை எண்ணிக்கையில் காரணிகளைக் கொண்ட எண்கள் எத்தனை என்று பேராசிரியர் கேட்டார். காரணிகள் இவ்விரண்டாகச் சேர்ந்து வருபவை. 72இல் இரண்டும் முப்பத்தாறும் இணை, மூன்றும் இருபத்து நான்கும் இணை. முழு வர்க்க எண்ணில் மட்டும் ஒன்று தன்னோடு தானே இணையும். இதனைத் தோழியே முன்பு எங்களுக்குச் சொல்லியிருந்தார். அன்று முந்திக்கொண்டு “ஒன்பது” என்றார். 4, 9, 16 என்று தொடங்கி 100 வரை எண்ணியவர், 1ஐ விட்டுவிட்டார். விடை பத்து. எங்களுள் ஒருவர், “ஒன்றைக்கூட எண்ணத் தெரியாமல் கணக்கெழுதப் போகிறீர்களா?” என்றார். மற்ற மூவரும் சிரித்தோம். சொன்னவர் யார் என்று இங்குக் குறிக்காமைக்குக் காரணம் அவரைக் காப்பதன்று; சிரித்த மூவருக்கும் அதில் சமபங்கு உண்டு என்பதே. பந்தியில் எங்களிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியை, சொல்லை மாற்றி, எங்களுக்குக் கணக்கைக் கொடுத்தவரிடமே கேட்டோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். ஆதலின் அதனை அன்றே மறந்துவிட்டோம்.

ஆனால் அதன்பின் அவர் எழுதும் முறை மாறிவிட்டது. வழிகளைப் பெருக்கி விடை கண்ட பின்னும், எல்லாக் காரணிகளையும் ஓரத்தில் வரிசையாக எழுதி எண்ணிச் சரிபார்ப்பார். 360க்கு மூன்று இரண்டுகளும் இரண்டு மூன்றுகளும் ஓர் ஐந்தும், ஆகவே 24 என்று ஒரு மூச்சில் சொல்லக்கூடியவர், இருபத்து நான்கையும் எழுதி முடிக்கும்வரை எழுதுகோலைக் கீழே வைக்கமாட்டார். கவனம் மிகுந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். மூன்று மணிநேரத்தில் இருநூறு வினாக்கள் என்றால் ஒரு வினாவுக்கு 54 விநாடிகளே என்ற கணக்கை எங்களுள் ஒருவரும் அவரிடம் நினைவூட்டவில்லை.

தேர்வு நாளன்று பன்னிரண்டரை மணிக்கு வெளியே வந்தபொழுது எங்கள் நால்வர் முகத்திலும் களிப்பு. திறனறிப் பகுதியில் இருபதுக்குக் குறையாமல் வரும் என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டோம். தோழி வினாத்தாளை நீட்டினார். கணக்கு வினாக்களின் ஓரமெங்கும் சிறிய எழுத்தில் எண்களின் வரிசை. பொது மடங்கு வினா ஒன்றுக்கு மூன்று எண்களின் மடங்குகளையும் அடுக்கடுக்காக எழுதியிருந்தார். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பொது அறிவுப் பகுதியின் இறுதியில் பதினான்கு வினாக்களுக்கு எந்தக் குறிப்பும் இல்லை. படிக்க நேரமில்லாமல் ஏதோவொன்றை நிழலிட்டதாகச் சொன்னார்.

2023 மார்ச்சில் முடிவு வந்தது. எங்களுள் இருவர்க்கு அழைப்புக் கிடைத்து, ஒருவர் கிராம நிர்வாக அலுவலராகவும் ஒருவர் இளநிலை உதவியாளராகவும் பணியில் உள்ளோம். இருவர்க்குக் கிடைக்கவில்லை, அவர்கள் நிலை வேறு, வீட்டில் கடை உண்டு. தோழி தவறவிட்டது எங்கள் கணிப்பில் மூன்று வினாக்களால். பதினான்கில் மூன்று.

2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வை அவர் எழுதவில்லை. நன்னா அந்த மாதத்தில்தான் மறைந்தார். 2025இல் எழுதியதைப் பற்றி இங்குக் குறிப்பிட வேண்டாம் என்றார். அவர் நீக்கச் சொன்ன இரண்டு இடங்களுள் அது ஒன்று. நாங்கள் சிரித்த இடத்தை நீக்கச் சொல்வார் என்றே எதிர்பார்த்திருந்தோம். அதனைப் படித்தபொழுது சற்று நிறுத்தி, “ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அதை எழுதலையே” என்றார். அவ்வளவே.

சனிக்கிழமை வகுப்பு இன்றும் நடைபெறுகிறது. கணிதத்துறைப் பேராசிரியர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். இப்பொழுது கற்பிப்பவர் எங்கள் தோழி. தமிழ்த்துறை மாணவர் பதினெண்மர் வருகின்றனர். சென்ற மாதம் நாங்கள் இருவர் விடுப்பில் ஊர் வந்தபொழுது படிப்பறையின் பின்வரிசையில் சென்று அமர்ந்தோம். நூறுக்குள் மிகுதியான காரணிகளையுடைய எண் எது என்று கேட்டிருந்தார். முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “அறுபது, பன்னிரண்டு காரணிகள்” என்றாள். மற்றொருவன் 72 என்றான். இன்னொருவன் 90 என்றான். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிப்பு அடங்கும்வரை பலகைப் பக்கம் திரும்பி நின்றார். பின் மூன்று எண்களையும் எழுதி, மூவர் விடையும் சரி என்றார். நூறுக்குள் பன்னிரண்டு காரணிகளையுடைய எண்கள் ஐந்து. இரண்டு இன்னும் வரவில்லை என்றார். சிறிது நேரத்தில் முன்வரிசையிலிருந்து 84 வந்தது. ஐந்தாவதற்காகப் பொறுத்திருந்தார். நாழிகை அறுபதை ஒருத்தி சொல்லிவிட்டாளே, நெல்லளவை நினைத்துப் பாருங்கள் என்று மட்டும் குறிப்புத் தந்தார். ஒருவருக்கும் நாழியும் கலமும் நினைவுக்கு வரவில்லை. எங்களுக்கு விடை தெரியும். நாங்கள் வாய் திறக்கவில்லை.